களஞ்சியத்துக்கு மேலே கறுத்த வானம்

காலை ஆறு ஐம்பது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கூடத்துக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டவை இரண்டு குதிகால்கள். அவை எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நின்றிருந்தன. வெடிப்புகளுக்குள் கறுப்பு மை இறங்கி, தேய்த்தும் போகாமல் கோடு கோடாகத் தங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பச்சைப் பருத்திப் புடவை. அதற்கு மேலே, சுவரிலிருந்து கழற்றிய ஒரு படச் சட்டம். அவர் சட்டத்தைத் திருப்பி அதன் முதுகில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

என் மனைவி சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றாள். "அக்கா வந்து கொஞ்ச நேரமாச்சு. படத்தப் பாக்கணுமாம்."

"நல்லாத்தான் இருக்குது," என்றார் அவர், என் பக்கம் திரும்பாமல். "ஆனா இந்தச் சுவரு ஆவாது தம்பி. வெளிச் சுவரு. மழ ஊறும். ஆணிய அந்தப் பக்கம் மாத்திக்குங்க."

"அந்தப் பக்கம் பீரோ இருக்குதேக்கா. பீரோவுக்குப் பின்னாடி மாட்டுனா யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்காட்டி பரவால்ல. காத்து படணும்."

காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குச் செஞ்சி செய்தியாளனாக இருந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. அவர், கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவரின் தங்கை. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் ஓவியக் கல்லூரியில் அச்சோவியம் படித்தவர். மண்டியின் மாடி அறையில் ஒரு அச்சு இயந்திரம் வைத்திருந்தார். கரும்பு பிழியும் உருளைகளைக் கட்டிலில் ஏற்றி வைத்தது போல இருக்கும் அது. மாடியில் பிரஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

மூடியிருக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் கை தானாகப் போய் எதையாவது திறக்கும். அரிசி டப்பா, ஊறுகாய் ஜாடி, ஒரு வருடமாகத் தொடாத பெட்டி. திறந்ததும் முகர்ந்து பார்ப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டு பீரோவைத் திறந்து, என் மனைவியின் பட்டுப்புடவைகளை மூக்கருகே கொண்டுபோய், "வருஷத்துக்கு ரெண்டு தபா பிரிச்சுப் போடு" என்றார். அன்று அவளுக்குக் கோபம். அடுத்த வாரம் பிரித்துப் போட்டாள். எங்கே போனாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தொற. மூச்சு உடட்டும்."

இந்த மூக்கு அவருடைய நைனா கொடுத்தது என்று கடைத்தெருவில் சொல்வார்கள். நைனா மல்லாட்டை வியாபாரி. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, எடுத்து, உள்ளங்கையை முகர்ந்து, உள்ளே எந்த ஆழத்தில் பூசணம் இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். கமிட்டியில், அதாவது விவசாயிகள் மூட்டை இறக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மகளையும் அதே மாதிரி கை விட வைத்தார். அக்கா கமிட்டிக்குள் நுழைந்தால் தரகர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு "மூக்கு வருதுடா" என்பதை நானே கேட்டிருக்கிறேன்.

"மூக்கு வந்தா உனக்கு இன்னாடா பயம்? மூட்டைல இன்னாத்த வெச்சிருக்க?" என்பார், நிற்காமல் நடந்துகொண்டே.

மாடி அறைக்கு நான் சில முறை போயிருக்கிறேன். அவர் பயன்படுத்தியது பருத்திக் கூழில் செய்த தடித்த தாள். துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த நுண்ணிய கோடுகள் காய்ந்த தாளில் சரியாக இறங்காது. அதனால் அச்சடிக்கும் நாளுக்கு முந்தின மாலையே தாள்களை ஒவ்வொன்றாக நனைத்து அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பில் இறுகச் சுற்றி, மேலே பலகை வைத்துவிடுவார். காலையில் எல்லாத் தாளிலும் ஈரம் ஒரே அளவாகப் பரவியிருக்கும். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது.

"ஒரு ராத்திரிக்கு மேல சுத்தி வெக்கக் கூடாது தம்பி," என்று முதல் நாளே சொன்னார். "வெச்சா வேற பயிரு வெளஞ்சிடும்."

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படம் அவருடைய அண்ணன் பொங்கலுக்குக் கொடுத்தது. மண்டிக்கு வழக்கமாக மூட்டை கொண்டுவரும் விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் எவர்சில்வர் பாத்திரம் ஏதாவது கொடுப்பார். அந்த ஆண்டு தங்கையிடம் கோட்டைப் படம் கேட்டார். அவர் மலையை வரையவில்லை, கல்யாண மகாலை வரையவில்லை. கோட்டைக்குள் இருக்கும் தானியக் களஞ்சியத்தை வரைந்தார். "இதான் கரெக்டு. நம்ம தொழிலு," என்றாராம் அண்ணன். செஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல வீடுகளுக்கு அந்தப் படம் கண்ணாடி போட்டுப் போனது. எனக்கும் ஒன்று வந்தது.

படத்தில் களஞ்சியம் வெளிறிக் கிடக்கும். அதற்கு மேலே வானம் கறுத்திருக்கும். ஒரே கறுப்பு அல்ல. ஓரங்களில் அடர்ந்து, நடுவில் கலைந்து, எந்த நேரமும் இறங்கிவிடப் போகிற மழை. பார்த்தவர்கள் எல்லோரும் அந்த வானத்தைத்தான் சொன்னார்கள். மழையை நம்பிப் பயிர் வைக்கிறவர்கள் வேறு எதைச் சொல்வார்கள். நானும் சொன்னேன். நீங்கள் செய்ததிலேயே சிறந்தது அந்த வானம்தான் என்றேன். "அப்படியா" என்று கேட்டுவிட்டு, கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து, கோடை கழிந்து, ஐப்பசி மழை தொடங்கியபோதுதான் அவர் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். மொபெட்டின் முன்னால் ஒரு துணிப்பை. அதில் குறடு, திருப்புளி, மென்மையான தூரிகை, பஞ்சு, ஒரு புட்டி ஸ்பிரிட். அமாவாசை அன்று மட்டும் மேல்மலையனூர்ச் சாலையில் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களின் நெரிசலுக்குப் பயந்து அந்தப் பக்கம் போகமாட்டார். மற்ற நாளெல்லாம் ஏதாவது ஒரு ஊர். போன வீட்டில் படத்தைக் கழற்றுவார், முதுகை முகர்வார், சில இடங்களில் ஆணிகளைப் பிடுங்கி அட்டையைத் திறந்து துடைத்து மூடுவார். காசு வாங்கமாட்டார். காரணம் கேட்டால் "மழைக்காலம் இல்ல" என்பார்.

ஒரு விவசாயி மண்டியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க வீட்டு மாட்டுக்கு ஊசி போடற டாக்டரு கூட இத்தினி தபா வந்ததில்ல. படத்துக்குச் செனையா இன்னா?" மண்டி சிரித்தது. அக்காவின் அண்ணன் சிரிக்கவில்லை.

ஊரில் பெரும்பாலோர் அவரை மதித்தார்கள். கொடுத்துவிட்ட பிறகும் தன் வேலையைத் தேடி வந்து பார்க்கிற ஆள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு நல்ல கட்டுரை. புகைப்படத்துக்கு அந்தத் துணிப்பையே போதும். ஒரு பிற்பகலில் மழை விட்டிருந்தபோது மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். வழக்கம் போல எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. சாரல் உள்ளே வந்து தரை நனைந்திருந்தது.

"எழுதாதீங்க தம்பி."

"ஏன்க்கா? நல்லதுதான எழுதப் போறேன்."

"அதுக்குத்தான் சொல்றேன்." இயந்திரத்தின் உருளையைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். "அது மேகம் இல்ல."

பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின கார்த்திகையின் கடைசியில், பொங்கல் படங்களுக்கான தாள் முழுவதையும் ஒரு மாலை நனைத்துச் சுற்றி வைத்தார். விடிவதற்குள் எதிர்பாராத பெருமழை. அண்ணனின் மூட்டைகள் கமிட்டியின் திறந்த வெளியில் இருந்தன. வீட்டிலிருந்த எல்லோரும் ஓடினார்கள். மூட்டைகளைக் கொட்டகைக்குள் இழுத்து, பிரித்து, கொட்டி, காலால் கிளறி, மழை விட்டபோதெல்லாம் வெளியே பரப்பி, தூறியதும் தார்ப்பாய் போட்டு, மறுபடி எடுத்து. அந்த வேலையே பல நாள் நடந்தது. கூலியாட்கள் தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் அவர்தான் ஓடிப்போய் இழுத்துவிடுவார். "மூடாதீங்கடா, புழுங்கிடும், மூடாதீங்கடான்னு தொண்ட கட்டற வரைக்கும் கத்தினேன். மல்லாட்ட தப்பிச்சிடுச்சு. ஒரு மூட்ட கூட வீணாவல. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு மேல வந்து கதவத் தொறந்தேன். தாளு ஞாபகமே அப்பத்தான் வந்துச்சு. பிரிக்கத் தேவயே இல்ல. வாசன வந்துடுச்சு."

பிளாஸ்டிக்கைப் பிரித்தபோது தாள்களின் ஒரு ஓரம் முழுவதும் பூத்திருந்தது. சாம்பல் நிறம், நடுநடுவே பச்சை. முழு அடுக்கையும் எரித்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். புதுத் தாள் பொங்கலுக்குள் வந்து சேராது. அண்ணன் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "வெயில்ல போட்டுத் தொடச்சிடு பாப்பா. காகிதந்தான, யாரு தின்னப் போறாங்க" என்றார். அவர் காய வைத்தார், தூரிகையால் தட்டினார், ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுத்தார். பூஞ்சை போய்விட்டது போலத் தெரிந்தது. கறை போகவில்லை.

"கற இருக்கற ஓரத்த மேல வெச்சுக்கினேன். வானத்துப் பக்கம். தகட்டுல மை பூசினா, வானத்த மஸ்லின் துணியால நல்லாத் தொடச்சு எடுக்கணும், வெள்ளையா வரும். நான் தொடைக்காம உட்டேன். அவ்ளோதான் தம்பி. எல்லாரும் மேகம்னாங்க."

நான் எழுதும் பேனாவைச் சட்டைப்பையில் வைத்தேன்.

யாரிடமும் சொல்லாததற்கு அவர் காரணம் சொன்னார். அண்ணன் பெயர் போய்விடும். மேலே நல்லதை வைத்து அடியில் பூசணத்தை வைத்துக் கொடுக்கிறவர்கள் என்று கமிட்டியில் பேசுவார்கள். நைனா காலத்திலிருந்து அந்தப் பேச்சு வந்ததில்லை. அதனால் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பல வீடுகளில் முடிந்தது. சிங்கவரத்தில் ஒரு வீட்டில் முடியவில்லை.

அந்த வீட்டில் ஒரு விவசாயி, அவருடைய மருமகள் கோமதி, கோமதியின் பெண் குழந்தை. கோமதியின் கணவனுக்குச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. குழந்தைக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. படத்தைக் குழந்தை படுக்கும் கட்டிலுக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள். அவர் கழற்றித் திருப்பியபோது அட்டையின் முதுகு முழுவதும் பூனை முடி போலச் சாம்பல் மெத்தை. கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடும் சத்தம் வாசல் வரை கேட்டது.

"மழ ஆரம்பிச்சதுலேர்ந்து இப்டித்தான்க்கா. வீசிங். மாஸ்க் வெச்சு மருந்து குடுக்கறாங்க," என்றாளாம் கோமதி.

சட்டம் உளுத்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் படத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதே தகட்டில், நல்ல தாளில், புதிதாக ஒன்று அச்சடித்தார். பழையபடி வானத்தில் மையை விடத்தான் பார்த்தார். "அழுக்கா உட முடியல தம்பி. கை தொடச்சிடுது. ரெண்டு மூணு தபா பாத்தேன்." வெள்ளை வானத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தார். கோமதி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இது எங்களுது இல்லக்கா, எங்களுதுல மேகம் இருக்கும், பாப்பா அதப் பாத்துத்தான் மழ மழன்னு சொல்லக் கத்துக்கிச்சு என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் குழந்தை விரலைக் காட்டி மழை என்று சொல்லுமாம்.

அவர் பழைய படத்தையே துடைத்து, புது அட்டை போட்டு, மறுநாள் கொண்டுபோய் அதே இடத்தில் மாட்டிவிட்டு வந்திருந்தார். எங்கள் வீட்டு நாற்காலியில் ஏறி நின்றது அதற்குப் பிந்தைய வாரம்.

"சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாராம்?"

"தூசி, பனின்னாராம்."

"அப்ப படத்தாலதான்னு எப்படிச் சொல்வீங்க? ஆதாரம் இல்லையேக்கா."

என் அலுவலகத்தில் தினமும் கேட்கப்படும் கேள்வி அது. அவர் துணியை மடித்தார். "ஆமா. ஆதாரம் இல்ல," என்றார். அதைச் சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நான் படியிறங்கி வந்தேன். கட்டுரை எழுதவில்லை.

சில நாள் கழித்து மண்டிக்கு விலை நிலவரம் கேட்கப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள். அண்ணன் நல்ல மனிதர்தான். யாரையும் அதட்டிப் பேசமாட்டார்.

"ஊரு முழுக்கப் புள்ளைங்களுக்கு இழுப்பு இருக்குது பாப்பா. அத்தினி வீட்லயுமா உன் படம் தொங்குது?"

"ஒரு வீட்ல தொங்குதுண்ணே."

"உட்டுத் தொல. பேசிப் பேசிப் பெருசாக்காத."

என்னைக் கண்டதும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் விலையைச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

மழை நின்று பனி இறங்கத் தொடங்கிய ஒரு நாள், சிங்கவரத்துப் பெரியவர், கோமதியின் மாமனார், மண்டிக்கு வந்து, பேத்தியை விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததாகவும் அன்று காலைதான் வீட்டுக்கு அழைத்துவந்ததாகவும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று பிற்பகல் அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. எதையும் திறக்கவில்லை.

"சிங்கவரம் வரைக்கும் வர்றீங்களா தம்பி? உங்க வண்டியிலயே போவலாம்."

"உங்க வண்டி என்னாச்சு?"

"நல்லாத்தான் இருக்குது. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்."

பெரியவரின் வீட்டு வாசலில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. மிதிக்காமல் ஓரமாக நடந்து போனோம். கோமதி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அதன் கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. குழந்தை வாயைத் திறந்து மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய விசில். பெரியவர் எங்களுக்கு நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை. முன்கூட்டியே ஒப்பித்து வைத்திருந்தவர் போல நின்றபடியே சொன்னார்.

"அந்தப் படத்துத் தாளு பூசணம் புடிச்ச தாளு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அச்சடிச்சேன். நீங்க மேகம்னு சொல்றது மேகம் இல்ல. கறைய மறைக்க நான் தொடைக்காம உட்ட மை. புள்ள தலமாட்டுல மாட்டற பொருளு இல்ல அது. எங்க அண்ணனுக்கு எதுவும் தெரியாது."

கடைசி வாக்கியம் உண்மையில்லை. அது எனக்குத் தெரியும்.

பெரியவர் தோள் துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டினார். "அதெல்லாம் இன்னாம்மா இப்ப? டாக்டரு படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. பக்கத்துல மல்லாட்ட ஒடைக்கிற மிஷினு ஓடுது பாரு, அந்தத் தூசியே போதும். நீ எதுக்கு மனசப் போட்டு ஒழப்பிக்கிற. ஒக்காரு. கோமதி, டீ போடு."

கோமதி அசையவில்லை.

"அன்னிக்கு வந்து எடுத்துக்கினு போனீங்களே. அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் திருப்பிக் கொண்ணாந்து மாட்டுனீங்களா?"

"ஆமா."

"ஏங்கா?"

"நீ மேகம் கேட்ட." உடனே தலையை ஆட்டினார். "இல்ல. நீ கேட்டதால இல்ல. சொல்ல வாய் வரல."

கோமதி குரலை உயர்த்தவில்லை. குழந்தையை மாமனாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. படத்தோடு வெளியே வந்தாள். அவர் இரு கைகளையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளில் கொடுக்கவில்லை. செருப்புகள் கிடந்த இடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை படத்தின் பக்கம் விரலை நீட்டி "மழ" என்றது. பெரியவர் குழந்தையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்று என்னிடம் சொன்னார். ஆனால் கட்டாயப்படுத்தவில்லை.

திரும்பும்போது அக்கா படத்தை மடியில் நிறுத்திப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தார். வழியில் நெல் வயல்களில் நீர் நின்றிருந்தது. செஞ்சியின் முதல் கடைகள் தெரிந்தபோது சொன்னார்.

"அந்தப் பொண்ணு ஒரு தபா கூட ஆதாரம் கேக்கல தம்பி."

எதிரே பஸ் வந்தது. வண்டியை ஓரம் கட்டி அதைப் போகவிட்டேன். அவர் மண்டி வாசலில் இறங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் மறுபடி எல்லா வீடுகளுக்கும் போனார். இந்தமுறை துணிப்பை இல்லை. வாசலில் நின்று சொல்லிவிட்டுப் படத்தைக் கேட்டார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். எனக்குத் தெரிந்த விஷயத்தையே முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல், என் மனைவியிடம் சொன்னார். அவள் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். சிலர் திட்டினார்கள். சிலர் இருக்கட்டும், நல்லாத்தான இருக்குது என்று தர மறுத்தார்கள். அவர்களோடு வாசலில் நின்று வாதாடினார். மேல்மலையனூர்ச் சாலையில் ஒரு வீட்டில் மூன்று தடவை திரும்பிப் போய்க் கேட்டு வாங்கினார் என்று அந்த வீட்டுக்காரரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். சேர்ந்த படங்களை மண்டிக்குப் பின்னால் காலி மனையில் எரித்தார். கண்ணாடிகளையும் சட்டங்களையும் தனியே எடுத்து வைத்தபின், தாளை மட்டும். எரியும்போது நடுவில் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணனின் மண்டிக்கு வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் வேறு மண்டிக்கு மூட்டையை மாற்றினார்கள். மேலே நல்லது, அடியில் பூசணம் என்று யாரோ கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். அக்கா பயந்த அதே சொற்கள். அண்ணன் தங்கையோடு பேசுவதை நிறுத்தினார். சண்டை இல்லை. சாப்பாடு மேலே போனது, தட்டு கீழே வந்தது.

கோடையில் ஒரு நாள் அச்சு இயந்திரத்தைக் கழற்றி ஒரு மினி லாரியில் ஏற்றினார்கள். சென்னையில் அக்காவோடு படித்தவர் ஒருவர் புதுச்சேரியில் இடம் கொடுத்திருந்தார். உருளையை இறக்கும்போது படி தடுக்கிக் கூலியாள் ஒருவர் தடுமாற, கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஓடிவந்து தோள் கொடுத்தார். உருளை லாரிக்குள் போனதும் கையைத் தட்டிக்கொண்டு கல்லாவுக்கே திரும்பினார். லாரி கிளம்பும்போது அக்கா எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். நானும் என் மனைவியும் தெருவில் நின்றிருந்தோம். அந்த மாதமே மாடி அறையில் மூட்டை அடுக்கினார்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. சில முறை அவருக்குப் போன் செய்ய எண்ணை எடுத்திருக்கிறேன். பேச என்ன இருக்கிறது என்று யோசித்து வைத்துவிடுவேன்.

சென்ற மழைக்காலத்தில் பயிர்ச்சேதச் செய்திக்காகச் சிங்கவரம் போனேன். பெரியவர் வயலில் இருந்தார். வாசலில் என்னை அடையாளம் கண்டுகொண்ட கோமதி உள்ளே வரச் சொன்னாள். வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கட்டிலுக்கு மேலே சுவர் காலியாக இருந்தது. பக்கத்திலிருந்த மல்லாட்டை உடைக்கும் இயந்திரத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டதாகச் சொன்னாள். பெண் பள்ளிக்கூடம் போகிறாள், இரண்டாம் வகுப்பு. அன்று போகவில்லை. மழை தொடங்கினால் அவளுக்கு இப்போதும் இழுப்பு வருகிறது.